பிள்ளைக்குக் கண் தெரியும் என்று எழுதிய கடதாசி

என் மகள் அன்ரனெற்றுக்குக் கண் சரியாகத் தெரியாது. இந்த ஒரு வசனத்தைப் பிறத்தியார் முன்னால் வாய்விட்டுச் சொல்ல எனக்கு இரண்டரை வருடம் பிடித்தது. அதுவரை நான் மறைத்தேன், என் மனுசன் நீக்கிலாஸ் மறைத்தார், எங்களுக்கு ஆங்கிலம் பேசித் தந்த அகஸ்ரின் அண்ணை எங்கள் இரண்டு பேரையும்விடக் கெட்டித்தனமாக மறைத்தார். வளர்ந்த மூன்று பேர் சேர்ந்து எட்டு வயதுப் பிள்ளைக்கு நடிக்கப் பழக்கினோம். என் பங்குக்கு நான் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். ஆனால் பள்ளிக்கூடத்தில், எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற மெசினைப் போர்த்து மூடி வைத்துவிட்டுப் பிள்ளையைச் சோம்பேறி என்று எழுதினார்களே, அவர்கள் யாரிடம் போய்ச் சொன்னார்கள்? ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் வருகிறதென்றால் சும்மா வருவதில்லை.

மன்னாரில் அவள் பிறந்தபோதே இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருந்தது. கொழும்பில் ஒப்பரேஷன் செய்தபோது நாலு வயது. பிந்திவிட்டது என்று டாக்குத்தர் சொன்னார். தடித்த கண்ணாடி போட்டால் ஆள் வருவது தெரியும், பஸ் வருவது தெரியும், பஸ்ஸில் எழுதியிருக்கும் நம்பர் தெரியாது. புத்தகத்தை மூக்கில் முட்டப் பிடித்தால் பெரிய எழுத்துகள் பிடிபடும். சின்ன எழுத்து அவளுக்கு வெறும் ஊத்தை.

1984இல், குளிர் தொடங்குகிற நேரம், நானும் அவளும் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தோம். நீக்கிலாஸ் ஒரு வருடம் முந்தி வந்து, மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் இடத்தில் வேலை எடுத்திருந்தார். மோர்னிங்சைட்டில் எட்டாம் மாடியில் வீடு. நான் பின்னேரங்களில் ஒஃபீஸ் துடைக்கப் போனேன். பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தோம். ஆங்கிலத்தை அவள் காதாலேயே பிடித்துக்கொண்டாள். ஒரு வருடத்துக்குள் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தோற்றுப்போகும்படி பேசினாள். வாசிப்புத்தான் வரவில்லை.

மூன்றாம் வகுப்பில் இருந்தபோது மிஸிஸ் கோவல்சுக் என்ற ஆசிரியை வந்தார். கண் குறைந்த பிள்ளைகளுக்கு உதவி செய்ய ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு ஓடித் திரிகிற மனுசி. காரின் பின்சீற் முழுக்கப் பெரிய எழுத்துப் புத்தகங்கள் கிடக்கும். அவர் என்னைக் கூப்பிட்டு, ஆறாம் நம்பர் அறைக்குள் இருந்த ஒரு மெசினைக் காட்டினார். சில்லுப் பூட்டிய மேசை. மேசையில் அங்கும் இங்கும் நகர்கிற ஒரு தட்டு, அதற்கு மேலே கமரா, கமராவுக்கு மேலே ரீவி. தட்டில் புத்தகத்தை வைத்தால் ஒரு எழுத்து தேத்தண்ணிக் கோப்பை அளவுக்கு ரீவியில் வந்து நிற்கும். முந்தி அதைப் பாவித்த பிள்ளையின் குடும்பம் மலிவான வீடு தேடி அஜக்ஸுக்குப் போய்விட்டதாம், இப்போது மெசின் சும்மா நிற்கிறதாம்.

அன்ரனெற் ஒரு படப் புத்தகத்தைத் தட்டில் வைத்தாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா! எறும்புக்குக் கால் இருக்கு!"

எறும்பு என்றால் ஊர்கிற ஒரு கறுப்புப் புள்ளி என்றுதான் என் பிள்ளை அத்தனை வருடமும் நினைத்திருக்கிறாள். தாய் எனக்கு அது தெரியாது, பாருங்கள்.

மெசினை அவளுடைய வகுப்புக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கலாம், மற்றப் பிள்ளைகளோடு இருந்தே படிக்கலாம் என்று மிஸிஸ் கோவல்சுக் சொன்னார். ஆனால் அதற்கு ஒரு கமிற்றி கூட வேண்டும். இந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்று கமிற்றி கடதாசியில் எழுத வேண்டும். எழுதினால் மெசின், பெரிய எழுத்துப் புத்தகம், கிழமைக்கு இரண்டு தரம் மிஸிஸ் கோவல்சுக், எல்லாம் வரும். எழுதாவிட்டால் ஒன்றும் வராது.

கமிற்றிக் கடிதம் வந்ததும் நீக்கிலாஸ் அதை அகஸ்ரின் அண்ணையிடம் கொண்டுபோனார். அகஸ்ரின் அண்ணை மன்னார்க் கச்சேரியில், அதுதான் அரசாங்கக் கந்தோரில், தலைமைக் கிளாக்கராக இருந்தவர். எங்கள் கட்டடத்துத் தமிழ்ச் சனம் முழுப்பேருக்கும் போர்ம் நிரப்பிக் கொடுப்பவர். கெட்ட மனுசன் இல்லை. பயந்த மனுசன், தன்னுடைய பயத்தை மற்றவர்களுக்குப் புத்திமதியாகக் கொடுப்பவர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, உது விளையாட்டில்லை. ஸ்பெஷல் எண்டு பிள்ளையின்ரை பேரிலை ஒருக்கா எழுதினாங்கள் எண்டால் பிறகு அழிக்கேலாது. உங்களுக்கு இன்னும் இஞ்சை நிரந்தரமா இருக்கிற லாண்டட் கடதாசி வரேல்லை. அதுக்கு மெடிக்கல் சோதினை வேறை கிடக்கு. கண் தெரியாத பிள்ளைக்கு ஆர் செலவழிக்கிறது எண்டு ஃபைலை மூடிப்போட்டு மூண்டு பேரையும் பிளேன் ஏத்திவிடுவாங்கள்."

"பள்ளிக்கூடத்துக்கும் இமிகிரேஷனுக்கும் என்னண்ணை சம்பந்தம்?"

"எல்லாம் ஒரே கவுண்மேந்துதானே, பிள்ளை!"

கச்சேரியில் காணி ஃபைலும் பள்ளிக்கூட ஃபைலும் பிறப்புப் பதிவும் ஒரே கட்டடத்துக்குள் கிடந்த உலகத்திலிருந்து வந்த மனுசன் அவர். கனடாவிலும் ஓர் ஃபைல் எழும்பி நடந்து மற்ற ஃபைலிடம் போய்க் கோள் சொல்லும் என்று நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இராணுவக்காரன் ஒருவருடைய பெயரைக் கடதாசியில் எழுதினாலே சனம் ஒளித்து ஓடுகிற ஊரிலிருந்து வந்த எங்களுக்கு வேறு எப்படி நினைக்கத் தெரியும்? நீக்கிலாஸின் முகம் வெளிறிவிட்டது. அன்ரனெற் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை அந்தப் பக்கம் போ என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

கண் டாக்குத்தரின் கடிதத்தைப் பள்ளிக்கூடம் கேட்டது. கொடுக்க வேண்டாம் என்றார் அகஸ்ரின் அண்ணை, நாங்கள் கொடுக்கவில்லை. வகுப்பில் வாசிக்கும் புத்தகத்தைப் பிள்ளை கமிற்றிக்குக் கொண்டு வந்தால் போதும் என்று கடிதத்தில் இருந்தது. அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். மூன்று சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆற்றைக் கடக்கப் பயந்த ஒரு வாத்துக் குஞ்சின் கதை அது. அவர் வாசிக்க வாசிக்க அவள் பாடமாக்கினாள். எந்தச் சொல்லில் பக்கம் திருப்புவது, ஒரு வரிக்கு விரலை எவ்வளவு மெதுவாக நகர்த்துவது, வரி முடிந்ததும் விரலை எப்படி இடது பக்கம் கொண்டுவருவது, எல்லாம் பழக்கினார். புத்தகத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது, ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று நான் பழக்கினேன். பிடிக்காவிட்டால் கையில் ஒரு அடி. ஓம், அடித்தேன். எழுதத்தான் வேண்டும்.

1986 மே மாதம் கமிற்றி கூடியது. பள்ளிக்கூடப் போர்டிலிருந்து வந்த தலைவர், அதிபர், வகுப்பாசிரியை, இன்னும் இரண்டு பேர். மிஸிஸ் கோவல்சுக் கமிற்றியில் இல்லை, முடிவு சொல்ல உரிமை இல்லாமல் ஓரமாக இருந்தார். அகஸ்ரின் அண்ணை கோட்டும் ரையும் கட்டி வந்து எங்கள் பக்கத்தில் இருந்தார். அன்ரனெற் புத்தகத்தை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, விரலை நகர்த்தி, வாத்துக் குஞ்சை மூன்று பக்கம் தடக்காமல் ஆற்றுக்குள் இறக்கினாள். தலைவருடைய முகம் மலர்ந்தது.

"வேறொரு பக்கம் வாசிக்கச் சொல்லலாமா?" என்று மிஸிஸ் கோவல்சுக் கேட்டார்.

பிள்ளைக்கு நேற்றுத் தொடக்கம் காய்ச்சல், பாவம், களைத்துவிட்டாள் என்று அகஸ்ரின் அண்ணை ஆங்கிலத்தில் அடித்துவிட்டார். தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி ஏதோ கேட்டார்.

"வீட்டிலை பிள்ளைக்குப் பார்க்கிறதுக்கு ஏதும் கரைச்சலோ எண்டு கேக்கிறார். இல்லை எண்டு சொல்லு, றோஸ்மேரி," என்றார் அகஸ்ரின் அண்ணை.

"நோ," என்றேன் நான்.

என் வாயால்தான் சொன்னேன். எழுதி நீட்டினார்கள், கையெழுத்தும் வைத்தேன். மிஸிஸ் கோவல்சுக் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். சோடாப் போத்தல் அடி மாதிரிக் கண்ணாடி போட்ட பிள்ளை ஒன்று எதிரில் இருக்கிறது. நல்ல கண் உள்ள ஐந்து பேர் மேசையைச் சுற்றி இருந்தார்கள். ஒருவர்கூட வேறு பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. நாங்கள் பயத்தில் பொய் சொன்னோம், அவர்கள் எந்தப் பயத்தில் நம்பினார்கள்? உதவி தேவையில்லை என்று எழுதினால் அவர்களுக்கு ஒரு வேலை மிச்சம், அவ்வளவுதான். அகஸ்ரின் அண்ணை அன்று எங்கள் வீட்டில் நாலு பற்றிஸ் சாப்பிட்டு, கெட்டிக்காரி என்று பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

நாலாம் வகுப்பில் எழுத்து இன்னும் சின்னதாகிவிட்டது. கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். வகுப்பாசிரியை மிஸிஸ் டன். கடதாசியில் கண் தெரியும் என்று இருந்தபடியால் அன்ரனெற்றைக் கடைசி வரிசையில் இருத்தியிருந்தார். வீட்டுக்கு வந்தால் தலையிடி என்பாள், படுத்துவிடுவாள். பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டால் "நல்லம்" என்பாள். எங்களிடமும் நடித்தாள். நாங்கள்தானே பழக்கியது.

1987 பெப்ரவரியில் ஒரு நாள் சாப்பாட்டை வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டாள். கொண்டுபோனேன். வகுப்புக் கதவில் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. அதற்குள்ளால் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் பலகையைப் பார்ப்பதும் குனிந்து எழுதுவதுமாக இருந்தார்கள். அன்ரனெற்றும் நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள், குனிந்து எழுதினாள், மறுபடி நிமிர்ந்தாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மாதாவே, என் பிள்ளை எழுதுகிறாள் என்று நெஞ்சில் சிலுவை போட்டேன்.

மிஸிஸ் டன் என்னைக் கண்டு வெளியே வந்தார். நல்லகாலம் வந்தீர்கள் என்கிற மாதிரி உள்ளே போய் அவளுடைய கொப்பியை எடுத்துவந்து என் முகத்துக்கு முன்னால் விரித்தார். ஒரு எழுத்துக்கூட இல்லை. வரிக்கு வரி பென்சிலால் நெளிநெளியாகக் கீறியிருந்தாள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடம் விட்டிருந்தாள், வசனம் முடிகிற இடத்தில் குத்துப் போட்டிருந்தாள். பக்கம் பக்கமாக, செப்ரெம்பரிலிருந்து. அவள் தன்னைக் கேலி செய்கிறாள் என்றார் மிஸிஸ் டன். அவ்வளவு ஆங்கிலம் எனக்கு அப்போது விளங்கும்.

"மெசின்," என்றேன். "றூம் சிக்ஸ். பிக் லெற்றர் மெசின். ப்ளீஸ்."

அந்த மெசின் கடதாசியில் பெயர் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்றார். உங்கள் பிள்ளைக்குக் கண் தெரியும் என்று கடதாசி இருக்கிறதே என்றார். அவர் உள்ளே போனதும் நான் ஆறாம் அறைக்குப் போய்ப் பார்த்தேன். மெசினுக்கு மேலே பழைய படுக்கைத் துணி ஒன்று போர்த்தியிருந்தது. அதற்கு மேலே நத்தார்ச் சோடனைப் பெட்டிகள் மூன்று, கிறிஸ்மஸ் முடிந்து போட்டவை. பிளாஸ்ரிக் தேவசம்மனசு ஒன்றின் செட்டை பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு வருடமாக ஒருவரும் அதைத் தொடவில்லை. முப்பது அடி தூரத்தில் என் பிள்ளை நெளிநெளியாகக் கீறிக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்தில் எனக்குக் கொதி உச்சந்தலைக்கு ஏறியது. என் மேலும்தான், அவர்கள் மேலும்தான்.

அன்று பின்னேரம் நான் வேலைக்குப் போகவில்லை. நீக்கிலாஸ் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே சொன்னேன்.

"நான் மீற்றிங் கேக்கப் போறன். எல்லாத்தையும் உடைச்சுச் சொல்லப் போறன்."

அவர் அகஸ்ரின் அண்ணையைக் கூட்டிவந்தார். வேறு என்ன செய்வார்? அண்ணை வந்து கதிரையில் இருந்து, காலுக்கு மேல் கால் போட்டார்.

"விசர்க் கதை கதையாதை, தங்கச்சி. அடுத்த மாசம் மெடிக்கல். ஒரு ஆறு மாசம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு. லாண்டட் கையிலை வந்தாப் பிறகு நானே வந்து கதைக்கிறன்."

"ஆறு மாசத்திலை அவள் எத்தினை கொப்பி கீறி முடிப்பாள், அண்ணை? உங்கடை பிள்ளை எண்டால் பொறுப்பியளோ?"

"நான் உங்கடை நன்மைக்குத்தான்..."

"போதும் அண்ணை, எங்கடை நன்மை! வாத்துக் குஞ்சைப் பாடமாக்கி அவளைக் கொண்டுபோய்க் கடைசி வாங்கிலை இருத்தினதுதான் நீங்கள் செய்த நன்மை!"

அண்ணை எழும்பிவிட்டார். முகம் சிவந்துபோய், "நன்றி கெட்ட சனம்" என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது; ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. நீக்கிலாஸ் அவருக்குப் பின்னால் கதவுவரை போய்விட்டு வந்தார். நான் கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். நான் தாய். எனக்குக் கமிற்றி மீற்றிங் வேண்டும். திரும்பவும் வேண்டும். கெதியாக வேண்டும். தாய் தகப்பன் எழுதிக் கேட்டால் கூட்டத்தான் வேண்டும் என்று மிஸிஸ் கோவல்சுக் ஒருதரம் சொன்னது எனக்கு நினைவிருந்தது.

நாலு கிழமை கழித்துக் கூட்டினார்கள். அதற்குள் எங்கள் மெடிக்கலும் முடிந்திருந்தது, பதில் வரவில்லை. போன வருடம் இருந்த அதே தலைவர், அதே அதிபர். போன வருட வகுப்பாசிரியைக்குப் பதிலாக மிஸிஸ் டன். மற்ற இரண்டு பேரும் பழையவர்கள்தான். மிஸிஸ் கோவல்சுக்கையும் கூப்பிட வேண்டும் என்று நான் கடிதத்தில் எழுதியிருந்தேன், வந்திருந்தார். நீக்கிலாஸ் வேலை உடுப்போடு நேரே வந்து என் பக்கத்தில் இருந்தார். வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மொழிபெயர்க்க அகஸ்ரின் அண்ணை இல்லை. எங்கள் வீடுகளில் அந்த நாளில் டாக்குத்தரிடம், வங்கியில், வீட்டுச் சொந்தக்காரனிடம் எல்லாம் பிள்ளைகள்தான் பெரியவர்களுக்காகக் கதைத்தார்கள். அன்ரனெற்றே கதைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவளைப் பற்றிய கூட்டத்தில் அவளே மொழிபெயர்ப்பாளர். அந்த ஐந்து பேருக்கும் அது ஒரு பிழையாகவே தெரியவில்லை.

நான் எழும்பி நின்று தமிழில் சொன்னேன்.

"பிள்ளைக்குக் கண் வடிவாத் தெரியாது. போன வருசம் நாங்கள் உங்களை ஏமாத்தினாங்கள். அவள் வாசிக்கேல்லை, பாடமாக்கிச் சொன்னவள். இதைச் சொல்லு, பிள்ளை."

அன்ரனெற் மேசையைப் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள். தலைவர் தலையாட்டிச் சிரித்தார். எனக்கு எங்கேயோ இடித்தது. என் மகள் நன்றாகப் படிக்கிறாள், நான் நன்றி சொல்ல வந்தேன் என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள். அவ்வளவு ஆங்கிலம் எனக்கு விளங்காது என்று நினைத்துவிட்டாள்.

"பொய்!" என்று கத்தினேன். "நோ! ஷீ நோ சீ! மை டோற்றர் நோ சீ! லாஸ்ற் இயர், வீ லை!"

தலைவர் அவளைப் பார்த்து, உனக்குப் பார்க்க முடிகிறதா இல்லையா என்று கேட்டார். முடிகிறது என்றாள். இன்னொருதரம் கேட்டார். அதற்கும் முடிகிறது என்றாள்.

"ஏனடி பொய் சொல்லுறாய்?" என்று அவளுடைய தோளைப் பிடித்தேன்.

"அப்பாவைப் பிளேன் ஏத்திப்போடுவினம்," என்றாள் தமிழில், யாருக்கும் கேட்காத மாதிரி. "அகஸ்ரின் மாமா சொன்னவர். எனக்குத் தெரியும்."

ஒரு வருடமாக அந்தப் பிள்ளை தகப்பனைத் தன் தோளில் சுமந்திருக்கிறாள். நாங்கள் கைவீசிக்கொண்டு திரிந்திருக்கிறோம். நீக்கிலாஸ்தான் கதிரையை விட்டு இறங்கி அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். அவரிடம் விமானச் சாப்பாட்டின் மணம் வீசிக்கொண்டிருந்தது.

"இஞ்சை பார், குஞ்சு. ஏத்தினால் ஏத்தட்டும். அது அப்பாவின்ரை கவலை, உன்ரை இல்லை. உனக்குத் தெரியேல்லை எண்டால் தெரியேல்லை எண்டு சொல்லு."

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு தலைவரின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள், சின்னக் குரலில், ஆனால் தெளிவாக. எனக்குப் பலகை தெரியாது. புத்தகம் தெரியாது. உங்கள் முகமும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

இதோடு முடிந்தது, இனி எழுதித் தருவார்கள் என்று நான் நினைத்தேன். எவ்வளவு பேய்ச்சி நான்! அவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். பிறகு தலைவர் அன்பாகத்தான் சொன்னார். நகரத்தின் மற்றக் கரையில் ஒரு விசேச வகுப்பு இருக்கிறது. இப்படியான பிள்ளைகள் எட்டுப் பேர். காலையில் ரக்சி வந்து ஏற்றும், ஒன்றேகால் மணித்தியாலம். அங்கே நல்ல மெசின் ஒன்று இருக்கிறது. அன்ரனெற் இதை எனக்கு மொழிபெயர்த்தபோது குரல் உடைந்தது. அவளுக்கு இந்த வகுப்பில்தான் சினேகிதிகள்.

"மெசின் இஞ்சை இருக்குத்தானே! அந்த அறைக்குள்ளை கிடக்குத்தானே! கேள் பிள்ளை!"

கேட்டாள். வகுப்பில் இடம் இல்லை என்றார் அதிபர். பிளக் தூரத்தில் இருக்கிறது என்றார். ரீவி நின்றால் மற்றப் பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றார் மிஸிஸ் டன். ஒரு மேசையைத் தள்ளி ஒரு வயரைச் செருகுகிற வேலைக்குப் பயந்து, ஒன்பது வயதுப் பிள்ளையை நாளுக்கு இரண்டரை மணித்தியாலம் ரக்சியில் அலையவிடப் பார்க்கிறார்கள்! சும்மா விடுவேனா? எழும்பி ஆறாம் அறைக்கு நடந்தேன். அதிபர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பவில்லை. மிஸிஸ் கோவல்சுக் எனக்குப் பின்னால் ஓடிவந்தார். தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் நத்தார்ப் பெட்டிகளைத் தூக்கி நிலத்தில் போட்டார், துணியை உருவினார். இரண்டு பேரும் சில்லு கிறீச்சிட மெசினைத் தள்ளிக்கொண்டு கமிற்றி அறைக்குள் வந்தோம். பிளக்கை நான்தான் செருகினேன்.

"ஏதாவது ஒரு தாளை வைத்து வாசி, அன்ரனெற்," என்றார் மிஸிஸ் கோவல்சுக்.

புத்தகம் ஒன்றும் இல்லை. மேசையில் கைக்கெட்டிய தூரத்தில் அவளுடைய ஃபைல் திறந்து கிடந்தது. மேல்தாளை எடுத்துத் தட்டில் வைத்தாள். திரையில் கறுப்பு எழுத்துகள் பொங்கி வந்து நின்றன. ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள். தடக்கினாள், திரும்பப் போனாள், பிடித்தாள். பாடமாக்கியதை ஒப்பிக்கிற குரல் இல்லை அது. என் பிள்ளையின் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"என்ன எழுதியிருக்கு? தமிழிலை சொல்லு," என்றேன்.

"அன்ரனெற் சோம்பேறியான பிள்ளை," என்றாள். "வேணுமெண்டு வேலை செய்யிறேல்லை. ரீச்சரைப் பகிடி பண்ணுறவள். மூளை மெதுவான பிள்ளையளின்ரை வகுப்பு இவளுக்குப் பொருத்தமோ எண்டு பார்க்க வேணும்."

மிஸிஸ் டன்னின் கழுத்து சிவந்தது. அதிபர் எழும்பி, அது இரகசியக் கடதாசி என்று சொல்லித் தட்டுக்குக் கை நீட்டினார். நான் என் உள்ளங்கையைத் தாளின் மேல் அழுத்தி வைத்தேன். இரகசியமாம்! என் பிள்ளையைப் பற்றி என் பிள்ளைக்கே இரகசியம். தலைவர் அவசரமாகப் பேனையை எடுத்தார். போதும், போதும், அவள் இதே வகுப்பில் இருக்கட்டும், மெசின் இன்றைக்கே அங்கே போகட்டும், இதோ எழுதுகிறேன் என்றார். எழுதி ஒப்பமும் போட்டார். அன்ரனெற் அதைச் சொன்னபோது நீக்கிலாஸ் முகத்தைத் துடைத்தார்.

"சரி, இனி எடு பிள்ளை," என்றார் அவளிடம்.

"இன்னும் முடியேல்லை, அப்பா. கீழை கிடக்கு."

"வாசிக்கட்டும்," என்றேன். கையை எடுக்கவில்லை.

அவள் தட்டை நகர்த்தினாள்.

"போன வருசம் மே மாதம் கமிற்றி கூடினது. பிள்ளைக்கு வீட்டிலை பார்க்கிறதுக்கு ஏதும் கரைச்சலோ எண்டு தாயிட்டைக் கேட்டது. தாய் இல்லை எண்டு சொன்னவ." நிறுத்தினாள். "அம்மா, நீங்களோ சொன்னது?"

"ஓம். நான்தான். பொய் சொன்னனான்."

அவள் அழவில்லை, கோபிக்கவில்லை. திரைக்குத் திரும்பினாள். கடைசியில், பிள்ளைக்குக் கண் தெரியும் என்று ஒப்பமிட்டவர்களின் பெயர்கள் ரைப் பண்ணியிருந்தன. ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி உரத்து வாசித்தாள். தலைவரின் பெயர். அதிபரின் பெயர். மற்ற மூன்று பேரின் பெயர்கள். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் மேசையைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அவற்றுக்கு அடியில் என் பெயர். றோஸ்மேரி நீக்கிலாஸ் என்று வாசித்தாள். சரியாகத்தான் வாசித்தோமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தட்டைப் பின்னால் இழுத்து, விரல் வைக்காமல், இன்னொருதரம் வாசித்தாள்.